சுகந்தியின் ஃபோல்டர்

ஞாயிறு காலை கைப்பேசியில் சுகந்தியின் பெயர் வந்தது. "என்னடி, லீவு நாள்லயும் பில்ட் உடைஞ்சுபோச்சா?" என்றுதான் எடுத்தேன். பேசியது அவள் கணவர். "அக்கா, சுகந்தி போயிட்டா. குளிச்சிட்டு வந்து உக்காந்தா, அவ்வளவுதான்." வெள்ளிக்கிழமை என் டப்பாவிலிருந்த எலுமிச்சை சாதத்தைப் பிடுங்கித் தின்றவள். வானவடியில் அவள் வீட்டுக்குப் போய் முகத்தைப் பார்த்த பிறகும் நான் நம்பவில்லை.

அவளோடு வேலை பார்த்த எல்லோருக்கும் அவள் வாய் தெரியும். எங்கள் புரோகிராமில் மற்ற ஃபைல்கள் தேடிப் படிக்கும் ஹெடர் ஃபைல்கள் திசைக்கொன்றாகக் கிடக்கும். எல்லாவற்றையும் சேர்த்துப் புரோகிராமை உருவாக்கும் பில்ட் ஒழுங்காக முடியும். நாங்கள் எழுதும் எடிட்டர் மட்டும் ஹெடரைக் காணோம் என்று வரிக்கு வரி சிவப்புக் கோடு போடும். நாங்கள் அவை இருக்கும் பாதைகளைக் கையால் எழுதி ஒட்டுப்போடுவோம். "அரே, பில்டுக்குத்தான் எல்லா வழியும் தெரியுதே. அதையே எழுதித் தரச் சொல்லு, எடிட்டர் படிச்சுக்கும்," என்றாள். சொன்னபடி செய்து, எல்லோருக்கும் பொதுவான ஒரு செட்டிங் ஃபைலும் போட்டாள். கோடுகள் மறைந்தன. அன்று மாலை வடாபாவ் சாப்பிட்டோம்.

ஒருமுறை எங்கள் டீமிலிருக்கும் ரோஹித் தன் ஃபோல்டர் பெயரைப் பொது ஃபைலில் எழுதிவிட்டான். அவன் போனால் எல்லோருக்கும் உடையும் என்று அவனை இந்தியில் காய்ச்சி எடுத்துவிட்டு, என் பக்கம் திரும்பித் தமிழில் முடித்தாள்: "இவன் என்ன சாகாவரம் வாங்கிட்டு வந்திருக்கானா?"

புதன்கிழமை, வழக்கப்படி, அவள் கணக்கை, அதிலிருந்த ஃபோல்டரோடு, சர்வரிலிருந்து நீக்கினார்கள். சற்று நேரத்தில் ரோஹித் ஓடிவந்தான். "தீதி, சப் லால் ஹோ கயா." எல்லோர் திரையிலும் சிவப்பு. ஃபைலைத் திறந்தேன். பில்ட் எழுதித் தந்த பாதைகளை எடிட்டர் இத்தனை நாளும் படித்துக்கொண்டிருந்தது சுகந்தியின் சொந்த ஃபோல்டரிலிருந்து. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள்! எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. ரோஹித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

பில்டை ஓட்டிப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லாமல் முடிந்தது. அதுதான் தாங்கவில்லை. அவள் இல்லாமல் இது எப்படி முடியலாம்?

அவள் பெயரை எடுத்துவிட்டுப் பொது இடத்தின் பாதையை எழுத வேண்டும். ஒரே வரி. கை வரவில்லை, ஆனாலும் எழுதினேன். கோடுகள் போயின, எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள்.

பழைய வரியை அழிக்கவில்லை. முன்னால் ஒரு குறி போட்டு அங்கேயே விட்டிருக்கிறேன். எடிட்டர் அதைத் தாண்டிப் போய்விடும். நான் தினமும் படிக்கிறேன்.