பின்னாலேயே வரும் காம்பரா

இலங்கை மலைநாட்டில், லிந்துலைக்கு மேலே, ஒரு வளைவில் கார் ஏற மாட்டேன் என்று நின்றுவிடுகிறது. பின்னால் கட்டி இழுத்துவரும் எங்கள் சின்னத் தகர வீடு காரையும் சேர்த்துப் பள்ளத்துக்கு இழுக்கிறது. பென்ஷன்காரரான என் கணவருக்கு மார்கழிக் குளிரிலும் வியர்க்கிறது.

மேலே தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு சரசரவென்று இறங்கி வருகிறார்கள். சக்கரத்துக்குக் கல் வைத்து, தள்ளி, மறுபடி கல் வைத்து, சிரித்துக்கொண்டே மேட்டில் ஏற்றிவிடுகிறார்கள். என்ன கைகள்!

ஒருத்தி தகர வீட்டின் ஜன்னல் வழியாகக் கட்டிலையும் அடுப்பையும் பார்க்கிறாள்.

"லயத்துல தோட்டம் எங்களுக்குக் குடுத்த ஒத்தை ரூம்பு காம்பரா கணக்காவே இருக்குங்கம்மா. ஐயாவுக்கு என்ன வேலைங்க?"

"வேலையில இருந்து நின்னுட்டாரும்மா."

"நின்னப்புறமும் தோட்டத்துத் தொரை காம்பராவப் புடுங்காம விட்டுவச்சிருக்காரா!"

அவள் குனிந்து சக்கரத்தைத் தட்டிக்கொடுக்கிறாள்.