ஐம்பத்து நாலு மணி

மார்ச் மாதச் செங்கல் தளத்தின் சூடு... செருப்பில்லாத உள்ளங்காலில் அது ஏறும்போதே தெரிந்துவிடும், இன்று பருந்துகள் வரும் என்று.

ஐம்பதுகளின் கடைசி. தென்காசியில் கான்வென்ட் பள்ளியின் மொட்டை மாடி. நானும் என் வகுப்புத் தோழி ஜைத்தூனும் கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்போம். வெயில் ஏறியதும் குற்றாலத்து மலைப்பக்கம் பருந்துகள் வட்டமிட்டு மேலே போகும். உச்சிக்குப் போனதும் சிறகை அசைக்காமல் எங்கள் தலைக்கு மேலே வடக்கு நோக்கி வழுக்கிக்கொண்டு போகும். வட்டத்தில் இருக்கும்போது எண்ணக்கூடாது. பிரிந்து வரும்போதுதான் எண்ண வேண்டும். நான் வைத்த சட்டம்.

அறிவியல் சிஸ்டர் வைத்த சட்டம் வேறு. இருவரும் தனித்தனியாக எண்ண வேண்டும், இரண்டு எண்ணும் ஒத்துப்போனால் மட்டும் ஆய்வுக்கூடப் பலகையில் எங்கள் பெயரோடு எழுதலாம்.

வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல் எண்ணுவதற்கு ஜைத்தூன் அவள் வாப்பா கொழும்பிலிருந்து கொண்டுவந்த, ஓதி எண்ணும் தஸ்பீஹ் மணியை வைத்திருப்பாள். சுற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. என்னிடம் நீதிபோதனை வகுப்பில் பரிசாக வந்த ஜெபமாலை. ஐந்து பத்து, ஐம்பது. ஒரு பறவைக்கு ஒரு மணி.

சில நாள் பத்து வரும், சில நாள் இருபது. ஒரு சுற்றுகூட ஆகாது, தள்ளிய மணிகளை எண்ணிச் சொல்லிவிடுவோம். அதுவரை பிசகு வந்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை வானமே பருந்தாக இருந்தது. முடிந்ததும் நான் சரியாக நாலு சுற்று, இருநூறு என்றேன். அவள் இருநூற்றுப் பதினாறு என்றாள்.

கணக்கில் எனக்கு எப்போதும் நூறு. அவளுக்கு நாற்பதைத் தாண்டினால் பெரிது. அந்தத் திமிரில் சொன்னேன்...

"பலகையில பேரு வரணும்னு கூட்டிச் சொல்லுத."

அவள் மணியைச் சுருட்டிப் பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நான் எதுக்குட்டி பொய் சொல்லணும்? வந்தது வந்துச்சு."

அதன்பிறகு அவள் மாடிக்கு வரவில்லை. பலகை காலியாகவே கிடந்தது. முழுப் பரீட்சை முடிந்ததும் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தப்போகிறார்கள், நிக்காஹ் பேசியாகிவிட்டது என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இருந்தும் நான் போய்ப் பேசவில்லை.

பரீட்சைக்கு நாலு நாள் முன்னால், தனியாக மாடியில் நின்று எண்ணிக்கொண்டிருந்தபோது விரலில் ஒரு பெரிய மணி தட்டியது. பத்துக்கும் பத்துக்கும் நடுவே ஒன்று, ஆக நாலு பெரிய மணிகள். அவற்றிலும் ஒவ்வொரு பருந்தை ஏற்றிவிட்டு, சுற்றுக்கு ஐம்பது என்றே கணக்குப் போட்டிருக்கிறேன். ஐம்பத்து நாலை நாலால் பெருக்கிப் பார்த்தேன்.

இருநூற்றுப் பதினாறு.

அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போனேன். உள்ளே தறிச் சத்தம். அவள் உம்மா டீ கொடுத்தார்கள். டீ ஆறியது. கடைசியில் ஜெபமாலையை அவள் கையில் வைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு கட்டைவிரலால் ஒவ்வொரு மணியாகத் தள்ளினாள். நிறுத்தினாள். மறுபடி முதலிலிருந்து தள்ளினாள்.

"அம்பத்தி நாலு. ஏட்டி, நூத்துக்கு நூறு வாங்குதவ கையில கெடக்க மணிய எண்ணிப் பாக்கலியே."

மன்னித்துக்கொள் என்று நான் சொல்லவே இல்லை. அவளும் கேட்கவில்லை. மறுநாள் பலகையில் 216 என்று அவளைத்தான் எழுதச் சொன்னேன்.

இப்போது அவள் இரண்டு தெரு தள்ளி மகன் வீட்டில் இருக்கிறாள். என் வீட்டுக்காரர் போனபிறகு நான் மேல்மாடிக்கே குடிவந்துவிட்டேன். மார்ச் வந்தால் அவரவர் மாடியில் நாற்காலி போட்டு உட்காருகிறோம். பத்து வந்தாலே இப்போதெல்லாம் பெரிய நாள்... மணியெல்லாம் தேவையில்லை, விரலே போதும். மத்தியானம் போனில் கணக்கை ஒத்துப் பார்ப்போம்.

நேற்று எனக்கு ஏழு. அவள் ஒன்பது என்றாள். அவளுக்குக் கண் ஆபரேஷன் ஆகிப் பதினைந்து நாள்தான் ஆகிறது.

ஒன்பது என்றே எழுதிக்கொண்டேன்.