மூன்றாவது தோணியை உடைத்த நாள்

1. கரையில் நின்றவர்கள்

மீனவர் சங்கக் காரியதரிசி கணபதிப்பிள்ளை. கையில் விண்ணப்பக் கட்டு.

காத்தான்குடி மீராசா காக்கா. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் காக்கா என்போம். தோணி கட்டும் ஓடாவி. அந்தத் தோணியைக் கட்டியவரும் அவர்தான்.

நேசம். தோணிக்காரன் சிவத்தின் மனைவி. சிவம் சுனாமியில் போய் இரண்டு மாதம் ஆகவில்லை.

நேசத்தின் தம்பி தவம். அக்காவையும் அவளுடைய சின்ன மகளையும் இனி அவன்தான் பார்க்க வேண்டும்.

கடைசியாக நான். தோணியைச் சிவத்துக்கு விற்றவன். கோடாலி என் கையில் இருந்தது.

2. முதல் இரண்டு

என் தொழில் காலத்தில் மூன்று தோணி வைத்திருந்தேன். மூன்றும் பாய் போட்டு ஓடியவை.

முதலாவது சின்னது. ஓர் ஆளும் ஒரு வலையும் கொள்ளும். தங்கச்சியின் கல்யாணத்துக்கு விற்றேன். வாங்கியவன் அதற்குப் பச்சைச் சாயம் பூசினான். அந்த வருடம் முழுவதும் அவன் இறக்கும் துறைக்கு நான் போகவில்லை.

இரண்டாவதை, சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிய காலத்தில் வாழைச்சேனையில் விற்றேன். கேட்ட முதல் ஆளுக்குக் கொடுத்தேன். பேர்கூடக் கேட்கவில்லை. திரும்பி வந்த பிறகு அதைத் தேடி மூன்று முறை வாழைச்சேனைக்குப் போனேன். காணவில்லை. மனைவிக்கு மீன் விலை பார்க்கப் போவதாகச் சொன்னேன்.

3. குணம் காட்டுதல்

மூன்றாவதை மீராசா காக்கா கட்டினார். நான் பக்கத்தில் இருந்து பலகை பிடித்தேன். இருபத்திரண்டு அடி. கச்சான் என்ற மேல்காற்றுக்கு அது கொஞ்சம் இடப்பக்கம் சாயும். சாய்ந்தால் பயப்படத் தேவையில்லை. சாய்ந்துதான் அது வேகம் எடுக்கும். பயந்து பாயை இறக்கினால்தான் ஆபத்து. இது தெரியாதவன் அதில் ஏறக் கூடாது.

என் வலது தோள் விட்டுப்போனதால் சமாதான காலத்தில் சிவத்துக்கு விற்றேன். எங்கள் கரையில் ஒரு வழக்கம். தோணியை விற்றவன் மூன்று நாள் வாங்கியவனோடு போக வேண்டும். குணம் காட்டுவது என்போம். முதல் நாள் விற்றவன் ஓட்டுவான். இரண்டாம் நாள் இரண்டு பேரும். மூன்றாம் நாள் விற்றவன் அணியத்தில், அதுதான் முன்பக்கம், கையைக் கட்டிக்கொண்டு குந்தியிருக்க வேண்டும். கயிற்றைத் தொடக் கூடாது.

மூன்றாம் நாள் நான் தொட்டேன்.

"அண்ணன், கைய எடுங்க. வித்தது நீங்க, வாங்கினது நான்" என்றான் சிவம். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

"பாய இவ்வளவு இழுக்காதடா. அதுக்கு நோகும்."

"நோகுதெண்டு அது சொல்லட்டும். நீங்க சும்மா இருங்க."

அதற்குப் பிறகும் ஒவ்வொரு நாளும் அவன் பாய் விரிப்பதைக் கரையில் நின்று பார்த்தேன். அவன் கயிறு கட்டும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு குறையும் இல்லாமல்தான் ஓட்டினான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

4. கண்டலுக்குள் கிடந்தது

கடல் வந்த காலையில் சிவம் கடற்கரைப் பக்கம் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இருந்தான். அவனை இரண்டாம் நாள் எடுத்தோம். அதற்கு மேல் எழுத எனக்கு வராது.

தோணி ஆற்றுப் பக்கம் கட்டியிருந்தது. தண்ணீர் அதைத் தூக்கிக் கொண்டுபோய்ச் சதுப்பில் நின்ற கண்டல் மரங்களுக்குள் செருகியிருந்தது. பத்துப் பேர் சேர்ந்து இழுத்து எடுத்தோம். இடப்பக்கத்தில் நாலு பலகை போயிருந்தது. உள்ளே இரண்டு விலாக்கட்டை முறிந்திருந்தது. பாய்மரம் இல்லை. அடிமரம் நேராக இருந்தது.

அந்த நேரம் ஒரு நிவாரண அமைப்பு படகு கொடுக்க வந்தது. அவர்களுடைய விதி இதுதான். தோணி முழுதாக அழிந்திருந்தால் புது பைபர் படகு, பிறகு எஞ்சின். திருத்தக் கூடியதென்றால் திருத்தக் காசு மட்டும். அடுத்த நாள் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

5. கோடாலி

மீராசா காக்கா தோணியைச் சுற்றி வந்தார். விரலால் தட்டிப் பார்த்தார்.

"நாலு பலக. ரெண்டு விலா. பத்து நாள் தாங்க, ஓட வெச்சித் தாறன்" என்றார்.

"காக்கா, நீங்க மரத்தப் பாக்கிறயள். நான் விண்ணப்பத்தப் பாக்கிறன்" என்றார் கணபதிப்பிள்ளை. "நாளைக்கு வாறவங்க திருத்தலாம் எண்டு எழுதினா, மறுகா இந்தப் புள்ளைக்குப் படகு இல்ல. பைபர் படகு கிடைக்கிற காலத்தில பழம்பலகைய வெச்சி என்ன செய்யிற?"

"பழம்பலகையா? நீங்க சங்கத்துக்கு வந்ததுக்குப் பிறகு கட்டினது தம்பி இது. நீங்கதான் பழசு."

தவம் சிரித்தான். அக்கா பார்த்ததும் நிறுத்தினான்.

நேசம் என்னைப் பார்த்தாள். "அண்ணன், இந்தத் தோணியின்ட குணம் உங்களுக்குத்தான் தெரியும். அவரும் எதையும் உங்களக் கேட்டுத்தான் செய்வார். நீங்க சொல்லுங்க. என்ன செய்ய?"

எனக்குப் பதில் தெரியும். பத்து நாளில் ஓடும். தவத்துக்கு மூன்று நாள் குணம் காட்டினால் போதும். ஒரு மாதத்துக்குள் அந்த வீட்டில் மீன் வெட்டுவார்கள்.

ஆனால் மூன்றாம் நாள் நான் அணியத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். இன்னொருவன் கயிற்றைப் பிடிப்பான். அதை நினைத்தேன். இன்னொரு தரம் அதைப் பார்க்க எனக்கு ஏலாது.

"உடைப்பம்" என்றேன். "புதுப் படகு வரட்டும். அதுதான் புள்ளைக்கு நல்லது."

மீராசா காக்கா என் கையைப் பிடித்தார். "தம்பி, இது மௌத்தாகல்ல. காயம்தான் பட்டிரிக்கி. காயம் பட்டத மையத்தாக்கிப் போடாத. ஒனக்கு விறகு வேணுமெண்டா என்ட பட்டறைக்கு வா, வண்டி கட்டித் தாறன்."

"அவ கேட்டா, நான் சொன்னன், காக்கா."

"அவ கேட்டது அவட சோத்துக்கு. நீ என்னத்துக்குச் சொன்னாயெண்டு ஒனக்குத்தான் தெரியும்."

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அடிமரத்தில் தொடங்கினேன். அடிமரம் போனால் எந்த ஓடாவியும் ஒன்றும் செய்ய ஏலாது. நல்ல மரம். லேசில் பிளக்கவில்லை. தவம் உதவிக்கு வந்தான். வேண்டாம் என்றேன்.

அடுத்த நாள் வந்தவர்கள் படம் எடுத்தார்கள். முழுதாக அழிந்தது என்று எழுதினார்கள்.

6. வெள்ளைப் படகு

படகு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. வெள்ளையாக மினுங்கியது. பக்கத்தில் அமைப்பின் பேர் நீலத்தில் எழுதியிருந்தது. நேசம் கையால் தடவிப் பார்த்தாள்.

"வடிவா இரிக்கு அண்ணன். எஞ்சின் எப்ப வரும்?"

எஞ்சின் வரவில்லை. அதற்குள் சண்டை திரும்பத் தொடங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் எஞ்சினுக்கு அனுமதி இல்லை என்றார்கள். பாய்த்தோணி பகலில் போகலாம், ஆமியிடம் பாஸ் காட்டிவிட்டு.

அப்படியானால் பாய் போடுவோம் என்று நானும் தவமும் பாய்மரம் நட்டோம். பைபர் படகின் அடி தட்டை. எஞ்சின் தள்ளுவதற்குச் செய்த சாமான் அது. தண்ணீருக்குள் பிடிமானம் இல்லை. பாய் விரித்தால் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் போனது. இரண்டு கிழமை பாடுபட்டோம். என் நாற்பது வருடத் தொழில் அதனிடம் செல்லவில்லை.

பிறகு தவம் தனியாகத் துடுப்புப் போட்டு வலைக்குப் போனான். ஒரு நாள் கச்சான் திடீரென்று எழும்பியது. பாய்த்தோணிகள் சாய்ந்து வீட்டுக்கு வந்துவிட்டன. தவத்தின் படகைக் காற்று ஆமியின் காவலரண் பக்கம் தள்ளியது. அவன் கையைத் தூக்கிக்கொண்டு படகில் நின்றதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். மூன்றாம் நாள் விட்டார்கள். இடது காதால் அவனுக்கு இப்போதும் கேட்காது. அதற்குப் பிறகு அவன் எந்தப் படகிலும் ஏறவில்லை. மேசன் வேலைக்குப் போனான். வேலை இருந்த நாள் போனான்.

நேசம் பாஸ்போட்டுக்குப் படம் எடுத்தாள்.

படகை வாழைச்சேனை ஆள் ஒருவர் வாங்கினார். அங்கே துறைமுகம். எஞ்சின் வைத்து ஓட அவருக்கு ஒரு வழி இருந்தது. விற்கும்போது நேசம் என்னையும் வரச் சொன்னாள். அந்தப் படகில் காட்டுவதற்குக் குணம் ஒன்றும் இல்லை. கரையிலேயே கொடுத்தோம்.

7. பிறகு

யுத்தம் முடிந்தது. எஞ்சினுக்கு இருந்த தடையும் போனது. வெள்ளைப் படகுகள் எங்கள் கரையிலிருந்து வரிசையாக ஆழத்துக்குப் போயின. கணபதிப்பிள்ளை என்னிடம், "பாத்தயளா, நான் அப்பவே சொன்னன்" என்றார். நேசம் அப்போது குவைத்தில் யாரோ ஒருவருடைய குசினியில் சமைத்துக்கொண்டு இருந்தாள்.

மீராசா காக்காவிடம் ஒரு முறை போனேன். வேறு ஒருவருக்கு வள்ளம் கட்டிக்கொண்டு இருந்தார். தேத்தண்ணீர் தந்தார். தோணியைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக் கூடியது ஒன்றுதான். விற்ற தோணியைப் பற்றி உன்னிடம் புத்தி கேட்டு வருவார்கள். உனக்குத்தான் தெரியும் என்பார்கள். தெரிந்தும் இருக்கும். அதை உன் மனதிலிருந்தும் விற்றுவிட்டாயா என்று முதலில் பார். விற்கவில்லை என்றால், ஓடாவியைக் கேள் என்று சொல்லிவிட்டு எழும்பிப் போ.

நேசம் திரும்பி வந்ததும் பார்க்கப் போனேன். எனக்கு உடுக்க ஒரு சேட்டு கொண்டுவந்திருந்தாள். மகள் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தாயின் உயரத்துக்கு வந்திருந்தாள். தாயோடு ஒரு சொல் பேசாமல் உள்ளே போனாள்.

"புள்ள என்ட அம்மாட வீட்டிலேயே வளந்திட்டா. என்னோட ஒட்டுறாள் இல்ல அண்ணன்" என்றாள் நேசம். "அந்தத் தோணிய வெச்சிருந்தா நான் போயிருக்க மாட்டன் எண்டு தவம் சொல்றான். நான் அவனுக்கு ஏசினன். அண்ணன் நல்லதுக்குத்தானே சொன்னவர் எண்டன்."

என் முகத்தைப் பார்த்தாள்.

"ஓம், நல்லதுக்குத்தான்" என்றேன்.

அவள் குவைத்தில் இருந்தது எட்டு வருடம், மூன்று மாதம்.