எவர்சில்வர் டம்ளரில் மிமோசா

இந்த நாட்டில் ஒருவர் கையில் கோப்பையைக் கொடுக்குமுன் ஒரு கேள்வி கேட்க வேண்டும். மது சேர்த்தா, சேர்க்காமலா? பிரெஞ்சு நகரமான லியோனில் ஓர் உணவகத்தில், ஞாயிறு காலையும் பகலும் சேர்த்துச் சாப்பிடும் ப்ரஞ்ச் மேசையில் நிற்கிறேன். பழச்சாறும் நுரைக்கும் ஒயினும் சேர்ந்த மிமோசாதான் என் பொறுப்பு. வீட்டுக்கு வந்தவரிடம் 'குடிக்கிறீங்களா' என்று கேட்பதே மரியாதைக் குறைவு என்று எங்கள் ஊர் மூலக்குளத்தில் வளர்ந்தவளுக்கு அந்தக் கேள்வி முதலில் வாயில் வரவில்லை. இப்போது ஒரே ஆளிடம் இரண்டு முறை கேட்கிறேன். போன வாரம் ஒரு பெரியவர், தமக்குக் குடிக்கும் வயது வந்துவிட்டதா என்று நான் சந்தேகப்படுவதாக எண்ணிச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போனபோது, அங்கே என்னதான் வேலை செய்கிறாய், செய்து காட்டு என்றான் தம்பி. எனக்கும் பீற்றிக்கொள்ள ஆசை. சாத்துக்குடி பிழிந்து, வடிகட்டி, குளிரவைத்தேன். முதலில் சாறு, பிறகு டம்ளரைச் சாய்த்து ஒயினை ஓரமாக விட வேண்டும், இல்லாவிட்டால் பொங்கி வழியும். வீட்டில் கண்ணாடி டம்ளர் கிடையாது. எவர்சில்வரில் ஊற்றினால் குமிழி தெரியாது, வெறும் ஜூஸ்தான். மொட்டைமாடியில் இருந்த தம்பிக்கும் அவன் சிநேகிதனுக்கும் கொடுத்துவிட்டு, மீதியை எடுக்கக் கீழே இறங்கினேன்.

கூடத்தில் கலா அக்காவின் கணவர், என் மாமா, அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் யாரும் டம்ளரில் வாய் வைப்பதில்லை. தூக்கி ஊற்றினால் நேராகத் தொண்டைக்குள். வெயிலில் வந்தவர் கையில் அம்மா கேட்காமல் கொள்ளாமல் நான் கலந்து வைத்திருந்த ஒரு டம்ளரை ஜூஸென்று நினைத்துத் திணித்திருந்தாள். மாமா குடியை விட்டவர். அதற்காகப் பெரியாஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையைத் தினமும் காலையில் அக்காதான் அவர் வாயில் போடுவாள். அந்த மாத்திரையோடு ஒரு வாய் சாராயம் போனாலும் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொன்னது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் அவர் முகம் செக்கச்செவேலென்று ஆனது. நெஞ்சு படபடக்கிறது என்று சுவரோரம் உட்கார்ந்து வாந்தியெடுத்தார்.

"என்னாடி இருந்துச்சி அதுல?" என்றாள் அக்கா.

சொன்னேன். அவள் என்னை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் அவர் தலை என் தோளில் கிடந்தது. மூச்சு வருகிறதா என்று மூக்கருகில் விரலை வைத்து வைத்துப் பார்த்தேன். கடவுளே, இந்த ஆள் செத்தால் நான் எந்த முகத்தோடு விமானம் ஏறுவேன் என்றுதான் நினைத்தேன். வெட்கம்தான், ஆனால் அதைத்தான் நினைத்தேன்.

பிழைத்துக்கொண்டார். சாயங்காலம், அக்கா டீ வாங்கப் போன நேரத்தில், டிரிப்ஸ் ஏறும் கையால் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"அம்மா மேலயும் தப்பில்ல, உம்மேலயும் தப்பில்ல பாப்பா. மொத வாயிலயே தெரிஞ்சிபோச்சி எனக்கு. துப்பிருக்கலாம். துப்பலியே... பயமா கீது. அக்காகிட்ட சொல்லிடாத."

சொல்லவில்லை. ஆட்டோவில் இருந்ததைவிட அப்போதுதான் அதிகம் பயந்தேன். இப்போதும் அக்காவின் பெயர் போனில் வந்தால் கொஞ்சம் அடிக்கவிட்டுத்தான் எடுக்கிறேன்.

புறப்படும் நாள் காலையில் மாமா தண்ணீர் கேட்டார். மொண்டு கொடுத்தேன். அக்கா குறுக்கே கை நீட்டி டம்ளரை வாங்கினாள், முகர்ந்து பார்த்தாள், பிறகு அவரிடம் கொடுத்தாள். பச்சைத் தண்ணீர் அது. இங்கே ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் என் கையிலிருந்து வாங்கிக் குடித்துவிட்டுப் போகிறார்கள்.