எழுமலைச் சாலையில் கடைசி இரண்டு மைல்

பினாங்கில் அக்கா வீட்டில் இருந்த இரண்டரை மாதத்தில் நான் ஒருநாள்கூட ஓடவில்லை. மச்சானுக்கு அங்கே மளிகைக் கடை. கப்பல் டிக்கெட்டை அவரே எடுத்து அனுப்பி, "வந்து ஊரச் சுத்திப் பாரு" என்று எழுதியிருந்தார். மில்லில் சம்பளமில்லா விடுப்புப் போட்டுவிட்டுப் பங்குனிக் கடைசியில் கிளம்பினேன். போன இடத்தில் தின்றேன், தூங்கினேன், கடற்கரையில் உட்கார்ந்து கப்பல்களை எண்ணினேன். திரும்பி வரும்போது சட்டைப் பொத்தான் வயிற்றில் இழுத்தது.

இது எழுபதுகளின் பிற்பாதியில் நடந்தது. மதுரைக்கு மேற்கே ஒரு பஞ்சாலையில் எனக்கு வேலை. குடியிருப்பு பசுமலை. எங்கள் மில்லுக்கென்று ஓட்டக் குழு ஒன்று இருந்தது. சுற்றுவட்டாரத்தில் கோயில் திருவிழா, பொங்கல் விழா என்று எங்கே சாலை ஓட்டம் நடத்தினாலும் நாங்கள் போவோம். பெரும்பாலும் நான் முதலில் வருவேன். இரண்டாவதாக வருபவன் என் சேக்காளி.

அவனும் நானும் ஒரே ஷிப்டு. அவன் ஊர் எழுமலைப் பக்கம். அவனுடைய அப்பா காலமெல்லாம் அடுத்தவர் நிலத்தில் பாடுபட்டவர். என்னுடைய அப்பாவுக்கு உசிலம்பட்டிப் பக்கம் சொந்தமாகத் தோட்டம் இருந்தது. மில்லுக்குள் அவன் என்னை 'மாப்ள' என்று கூப்பிடுவான். ஊர்ப்பக்கம் போட்டிக்குப் போனால் அந்த வார்த்தையை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்குவான். ஏன் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

காலை ஐந்து மணிக்கு ரயில்வே கேட் பக்கத்து டீக்கடையில் சந்திப்போம். அங்கிருந்து திருமங்கலம் சாலையில் ஆறு மைல் ஓடித் திரும்புவோம். அவன் என்னைவிட நல்ல ஓட்டக்காரன் என்று இப்போது நினைக்கிறேன். கடைசி அரை மைலில் நான் ஒரு இழுப்பு இழுப்பேன். அந்த இடத்தில்தான் அவன் விட்டுவிடுவான்.

பினாங்குக்கு அவனிடமிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. மஞ்சள் காமாலை வந்து பத்து நாள் படுத்துவிட்டதாகவும், உப்பில்லாப் பத்தியம் இருப்பதாகவும், வைகாசியில் நடக்கிற எழுமலைப் போட்டிக்கு இந்த வருசம் போக வேண்டாம் என்று நினைப்பதாகவும் எழுதியிருந்தான். பத்து மைல் போட்டி அது. வேறொரு கிராமத்தில் தொடங்கி எழுமலை பஸ் ஸ்டாண்டில் முடியும். அவன் சொந்த ஊர்க்காரர்கள் நின்று பார்க்கிற ஒரே போட்டி.

மச்சான் கடையில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து பதில் எழுதினேன். "கீழாநெல்லி குடிச்சவனெல்லாம் படுத்தேவா கெடக்கான்? நான் இல்லாத வருசத்துலகூட நீ கப்பு வாங்கலைன்னா, பெறகு எப்பத்தேன் வாங்குவ?" எழுதிவிட்டு நானே சிரித்துக்கொண்டேன். ஒட்டி, தபால் பெட்டியில் போட்டுவிட்டு, மீன் வாங்கப் போனேன்.

ஆனி மாதம் மதுரை வந்து இறங்கினேன். வீட்டுக்குப் போனதும் அம்மா சாப்பாடு போட்டாள். பெட்டியைத் திறந்து எல்லாருக்கும் வாங்கியதை எடுத்துக் கொடுத்தேன். சேக்காளிக்கு நீல நிறத்தில் ஓட்டக் கால்சட்டை ஒன்று வாங்கியிருந்தேன். "இது யாருக்கு?" என்று அம்மா கேட்டாள். சொன்னேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே, "நாளைக்கு ஓடப் போகாதடா. கப்பல்ல வந்த ஒடம்பு அலுப்பா இருக்கும்" என்றாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. வெளியூரில் இருப்பவன் மனசு கெட்டுவிடும் என்று கடிதத்தில் எழுதாமல் விட்டவள், நேரில் சொல்லவும் வாய் வராமல் அன்று படுத்துவிட்டாள்.

மறுநாள் காலை ஐந்து மணிக்குக் கால்சட்டையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். பெஞ்சு காலியாக இருந்தது. டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "வாங்கண்ணே" என்றார். ஒரு டீ குடித்தேன். ஐந்தே கால் ஆயிற்று.

"இன்னும் வரலையா அவன்?" என்றேன்.

அவர் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தார். "அண்ணே, ஒங்களுக்கு வீட்ல சொல்லலையா?"

"என்ன சொல்லலையா?"

"எழுமல ஓட்டத்துல விழுந்துட்டாருண்ணே. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டாந்தாங்க. வார வழியிலயே உசுரு போயிருச்சு. அதாச்சு ஒரு மாசம்."

நான் ஏதோ கேட்டேன். என்ன கேட்டேன் என்று நினைவில்லை. "ஒக்காருங்கண்ணே, ஒக்காருங்க" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

அன்று நடந்ததைப் பிறகு மில் குழுவினர் சொல்லித் தெரிந்துகொண்டேன். காலை ஆறு மணிக்குத் தொடங்க வேண்டிய போட்டி. கொடி அசைத்துத் தொடங்கி வைக்க வேண்டிய பெரிய மனிதர் வரவில்லை. ஏழாயிற்று, எட்டாயிற்று. ஓட வந்தவர்கள் வெயிலிலேயே நின்றிருக்கிறார்கள். ஒன்பதரைக்கு அவர் வந்து, மாலை வாங்கி, மைக்கில் பேசி முடிக்கப் பத்தேகால். அக்கினி நட்சத்திரம் கழிந்திருந்தும் வெயில் தணியாத நாட்கள். தண்ணீர் டிரம் வைத்த டிராக்டர் ஓட்டக்காரர்களோடு போக வேண்டும் என்று ஏற்பாடு. அது பெரிய மனிதருடைய ஆட்களை ஏற்றிக்கொண்டு முன்கூட்டியே எழுமலைக்குப் போய்விட்டது.

அவன்தான் எல்லாருக்கும் முன்னால் ஓடியிருக்கிறான். எட்டாவது மைலைத் தாண்டியதும் கோணல்மாணலாகப் போயிருக்கிறான். குடித்திருக்கிறான் என்று ரோட்டோரத்தில் நின்ற சிலர் சிரித்தார்களாம். பிறகு விழுந்துவிட்டான். ஒரு மாதம் உப்பில்லாமல் சாப்பிட்ட உடம்பு. அங்கே இரண்டு வண்டிகள் நின்றிருக்கின்றன. யார் வண்டியில் ஏற்றுவது என்று பேசிப் பேசியே நேரம் போயிருக்கிறது. அவன் எந்தத் தெருக்காரன் என்று ஒருவர் கேட்டாராம். கடைசியில் அந்த வழியாக வந்த டவுன் பஸ்ஸில்தான் ஏற்றினார்கள்.

மூன்று நாள் கழித்து அவன் வீட்டுக்குப் போனேன். மில்லுக்குப் பின்னால் ஒரு வரிசை வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். ஐந்து வருசப் பழக்கத்தில் அவன் என் வீட்டு வாசல்வரை வந்திருக்கிறான், நான் அவன் வீட்டு வாசல்வரை போயிருக்கிறேன். அன்றுதான் முதன்முதலாக உள்ளே போய் உட்கார்ந்தேன். அவன் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு வயதுப் பெண்குழந்தை சுவரோரம் தூங்கிக்கொண்டிருந்தது.

"போக வேணாம்னுதேன் இருந்தாருண்ணே," என்றாள் அவளாகவே. "ஒங்க கடுதாசி வந்துச்சு. எனக்கு வாசிச்சுக் காட்டுனாரு. சிரிச்சாரு. பெறகு ரெண்டு நாளா ஒண்ணும் பேசல. மூணாம் நாளு, போறேன்னுட்டாரு."

"நான் வெளையாட்டா எழுதுனேன்மா."

"தெரியும்ணே. அவரு அத வெளையாட்டா எடுத்துக்கிறலயே."

குரலில் கோபம் இல்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன். தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். நீலக் கால்சட்டையை அவளிடம் காட்டவே இல்லை. அடுத்த வாரம் மில்லில் வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஓடுவதை விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அந்த முடிவு ஆறு வாரம்தான் தாங்கியது. நல்ல எண்ணத்தில் நான் திரும்ப ஓடத் தொடங்கவில்லை. வேலை முடிந்து வீட்டில் சும்மா உட்கார்ந்தால் அந்தக் கடிதத்தின் வரிகள் வரிசையாக வந்தன. ஓடினால், மூச்சு முட்டும்போதாவது அவை நின்றன. பெருத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு தனியாக ஓடினேன். டீக்கடை இருக்கிற வழியில் போகாமல் பின்பக்கமாகச் சுற்றிப் போனேன்.

ஆவணியில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றிப் பத்துச் சுற்று ஓடுகிற போட்டி. குழுவில் ஆள் குறைகிறது என்று என் பெயரையும் எழுதிவிட்டார்கள். போனேன். குளம் வறண்டு கிடந்தது. உள்ளே கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆறு மணிக்குப் போட்டி என்று நோட்டீஸில் போட்டிருந்தது. ஏழரை ஆகியும் தொடங்கவில்லை. விசாரித்தேன். கொடி அசைக்கிறவர் இன்னும் வரவில்லை.

நடத்துகிறவர்கள் உட்கார்ந்திருந்த மேசைக்கு நேராகப் போனேன். "சார், வைகாசியில எழுமலையில ஒருத்தன் செத்தான். தெரியும்ல? இப்பவே ஆரம்பிங்க. அவரு வந்தா பரிசு குடுக்கட்டும்."

"தெரியும்ப்பா. பாவம், நோஞ்சான் ஒடம்பு," என்றார் ஒருவர். "இன்னும் பத்து நிமிசம். கிளம்பிட்டாராம்."

ஓட்டக்காரர்களிடம் வந்து, "இப்ப ஆரம்பிக்கலைன்னா யாரும் ஓட வேணாம்" என்றேன். முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். எல்லாரும் அவனோடு ஓடியவர்கள். ஒவ்வொருவராகத் திரும்பி மேசைப் பக்கம் பார்த்தார்கள். மேலூர்ப் பக்கத்து ஆள் ஒருவன் மட்டும் என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனான். "அண்ணே, பேசாம இரிங்கண்ணே. எனக்கு இந்த சர்ட்டிபிகேட்டு வேணும். போலீஸ் செலக்சனுக்குப் போறேன். ஒங்களுக்கு மில் வேல இருக்கு."

அவன் சொன்னது நியாயம். நான் மட்டுமாவது விலகியிருக்கலாம். விலகவில்லை. எட்டே முக்காலுக்குக் கொடி அசைந்தது. எல்லாரோடும் நானும் ஓடினேன்.

நான்காவது சுற்றில் வாய் உலர்ந்தது. ஆறாவதில் வேர்வை நின்றது. வெயிலில் ஓடும்போதே கையில் மயிர் சிலிர்த்தது, குளிர்கிற மாதிரி. இதுதானா என்று நினைத்தேன். அவன் இந்த நிலையிலும் நிற்காமல் இன்னும் ஓடியிருக்கிறான். முன்னால் யாரும் இல்லாமல், முதல் ஆளாக. ஏழாவது சுற்றின் வளைவில் நின்றுவிட்டேன். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தேன். "பினாங்குச் சாப்பாடு இழுக்குது" என்று யாரோ சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள்.

எதிரே ஒரு வீட்டில் கேட்டு வாளியில் தண்ணீரும் ஒரு செம்பும் வாங்கி வந்து வளைவில் வைத்துக்கொண்டு நின்றேன். ஓடி வந்தவர்களிடம் செம்பை நீட்டினேன். மேசையிலிருந்து ஒருவர் எழுந்து ஓடி வந்தார். "வெளி ஆள் தண்ணி குடுத்தா டிஸ்குவாலிபைப்பா!" என்று எல்லாருக்கும் கேட்கக் கத்தினார். அதன் பிறகு யாரும் செம்பைத் தொடவில்லை. மேலூர்க்காரன் என்னைக் கடக்கும்போது கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினான். கடைசியாக வந்த நடுவயதுக்காரர் ஒருவர்தான் நின்று, வாங்கிக் குடித்து, மிச்சத்தைத் தலையில் ஊற்றிக்கொண்டார். "நான் ஜெயிக்கவா வந்தேன்" என்றார்.

அன்று யாரும் விழவில்லை. விழாததால் நான் செய்தது வேடிக்கையாகப் போய்விட்டது. மில் குழுவின் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, பொது இடத்தில் மில் பெயரைக் கெடுக்காதே என்றார். போட்டி நடத்துகிறவர்களுக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். விடிந்ததும் தொடங்க வேண்டும், மைலுக்கு ஒரு இடத்தில் தண்ணீர் வைக்க வேண்டும், இவ்வளவுதான் அதில் இருந்தது. மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டு டீ வாங்கிக் கொடுத்தார்கள். ஐப்பசியில் அவன் மனைவி வீட்டைக் காலி செய்துவிட்டுக் குழந்தையோடு ஊருக்குப் போய்விட்டாள். களையெடுக்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கவில்லை. நினைத்தேன், போகவில்லை.

அடுத்த வருசம் எழுமலைப் போட்டியில் ஓடினேன். ஏழரைக்குத் தொடங்கினார்கள். முதல் நாளே போய், அவன் விழுந்த இடம் எது என்று விசாரித்தேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் என்றார் ஒருவர். இல்லை, புளியமரத்துக்குக் கீழே என்றார் இன்னொருவர். சைக்கிளில் வந்த ஒருவர், "எந்த வருசம்?" என்று திருப்பிக் கேட்டார். அன்று அவனை ஏற்றிய டவுன் பஸ் கண்டக்டருக்கும் சரியாக நினைவில்லை.

எட்டாவது மைலுக்குப் பிறகு ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே ஓடினேன். பாலம் வந்தது. பிறகு வரிசையாகப் புளியமரங்கள், பத்திருபது இருக்கும். எல்லாம் ஒன்றுபோல் இருந்தன. பின்னால் வந்தவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். பஸ் ஸ்டாண்டில், எத்தனாவதாக வந்தேன் என்று குறித்த ஒரு சீட்டைக் கையில் கொடுத்தார்கள். அதில் பதினொன்று என்று எழுதியிருந்தது.