பாதியில் நிறுத்தவிடவில்லை மருதமலையான்

முருகனை நம்பிப் பிழைக்கும் என் சொந்தங்களே, என் பெயர் குமரேசன். இப்படி எழுதிவிட முடிகிறது. வாயால் சொல்லச் சொன்னால் இன்றைக்கும் 'கு'விலேயே நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஐந்து வயதிலிருந்தே எனக்குத் திக்குவாய்.

சொந்த ஊர் தாராபுரம் பக்கம். படிப்பில் நான் குறை வைத்ததில்லை. ஆனால் நேர்முகத் தேர்வில் பெயரைக் கேட்டதுமே என் கதை முடிந்துவிடும். பதினொரு கம்பெனிகளில் அப்படித் திரும்பி வந்தேன். பன்னிரண்டாவது, சரவணம்பட்டியில் இருபது பேர் மட்டுமே வேலை பார்த்த ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. அதை நடத்தும் ஜெயந்தி மேடம் என்னைப் பேசவே சொல்லவில்லை. ஒரு லேப்டாப்பை என் பக்கம் தள்ளி, "இதுல தப்பு எங்கன்னு கண்டுபிடிங்க பாக்கலாம்" என்றார். கண்டுபிடித்தேன். வேலை கிடைத்தது.

நூற்பாலை இயந்திரம் ஒவ்வொன்றும் எப்போது ஓடுகிறது, எப்போது நிற்கிறது என்று கணினித் திரையில் காட்டுவதுதான் எங்கள் சாஃப்ட்வேர். அதில் பெரும்பகுதி நான் எழுதியது. ஏழு வருடங்களில் டீம் லீட் பதவி இரண்டு முறை காலியானது. இரண்டு முறையும் எனக்குப் பின்னால் சேர்ந்தவர்களுக்கே போனது. மேடத்தைக் குறை சொல்ல மாட்டேன். லீட் என்றால் மில்காரர்களிடம் பேச வேண்டும். ஒரே ஒரு முறை என்னை அனுப்பிப் பார்த்தார். அவர்கள் முன்னால் 'வணக்கம்' என்று ஆரம்பித்து 'வ'விலேயே நின்றுபோனேன். கூட வந்த, எனக்குப் பின்னால் சேர்ந்த விக்னேஷ்தான் பேசிச் சமாளித்தான். வரும் வழியில் பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். இனி இந்த மூலை நாற்காலிதான் எனக்கு என்று முடிவே செய்துவிட்டேன். பிறகு விக்னேஷ்தான் லீட் ஆனான்.

கிருத்திகை தவறாமல் மருதமலை ஏறுவேன். வேண்டுதல் ஒன்றே ஒன்றுதான். "முருகா, இந்தத் திக்கலை எடுத்துவிடு." மனதுக்குள் வேண்டும்போது மட்டும் எனக்குத் திக்காது. வருடங்கள் ஓடின. திக்கல் போகவில்லை. "அவனுக்குக் காது கேக்குதான்னே தெரியல" என்று ஒருநாள் என் மனைவி சுகன்யாவிடம் சொல்லிவிட்டேன். அடுத்த கிருத்திகைக்கு அவளும் என்னோடு மலையேறினாள்.

போன வருடம் பொள்ளாச்சி போகும் வழியில் உள்ள ஒரு மில்லிலிருந்து புகார் வந்தது. எங்கள் கணக்குக்கும் அவர்கள் நூல் உற்பத்திக்கும் ஒத்துப்போகவில்லை. சரியாகாவிட்டால் எங்கள் சாஃப்ட்வேரைக் கழற்றிவிடுவோம் என்றார்கள். என்ன கோளாறு என்று நேரில் பார்த்து வர என்னை அனுப்பினார் மேடம்.

உள்ளே நுழைந்ததும் காது அடைத்தது. அத்தனை இயந்திரங்களும் ஒரே சமயத்தில் ஓடும் இரைச்சல். அங்கே வேலை செய்யும் சரஸ்வதி அக்கா என் அருகில் வந்து கத்தினார்.

"ஏனுங்க, அந்தக் கம்ப்யூட்டர் ஆளு நீங்கதானுங்களா? எம்பட மிஷினு ஓடிட்டேதானுங்க இருந்துச்சு. நின்னு போச்சுன்னு உங்க பொட்டி சொல்லுது. நான் வேலை செய்யறதில்லைன்னு மெமோ குடுத்துப்போட்டாங்க. இன்னொன்னு குடுத்தா ஊட்டுக்குப் போக வேண்டியதுதானுங்க."

நானும் கத்தித்தான் பதில் சொன்னேன். எந்த நேரத்தில், இயந்திரத்தின் எந்தப் பக்கம் நின்றதாகக் காட்டியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். பத்து நிமிடம் பேசியிருப்பேன். பிறகுதான் உறைத்தது. ஒரு சொல்கூடத் திக்கவில்லை! என் குரல் என் காதிலேயே விழாத அந்த இரைச்சலில் நாக்கு தாராளமாகப் புரண்டது. உடம்பு சிலிர்த்துவிட்டது. என் வேண்டுதல் பலித்துவிட்டது என்றே நினைத்தேன். வெளியே வந்து சுகன்யாவுக்குப் போன் போட்டேன். அவள் பெயரின் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டேன். அந்த ஏமாற்றத்தை எப்படிச் சொல்வது! அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆனாலும் வேலையை விடவில்லை. ஐந்து நாள் அந்த மில்லிலேயே நின்றேன். கோளாறு பிடிபட்டது. ஷிப்ட் மாறும்போது காற்றுக் குழாயால் இயந்திரங்களைச் சுத்தம் செய்வார்கள். பறக்கும் பஞ்சு, இயந்திரம் ஓடுவதைக் கவனிக்கும் எங்கள் சென்சாரின் கண்ணில் படிந்துவிடும். சென்சாருக்குக் கண் தெரியாவிட்டால் இயந்திரம் நின்றுவிட்டதாக எடுத்துக்கொள்ளும்படி புரோகிராமில் எழுதியிருந்தது. எழுதியவன் நான்.

மில் மேலாளரிடம் விளக்கம் சொல்ல நாள் குறித்தார்கள். விக்னேஷ் நல்லவன்தான். கம்பெனியைக் காப்பாற்ற நினைத்தான். "அண்ணா, நானே பேசிக்கறேன். அவங்க காத்தடிச்சதாலதான் இப்படி ஆச்சுன்னு சொல்லிரலாம். நம்ம தப்பு வெளிய வர வேண்டாம்" என்றான்.

அப்படிச் சொன்னால் பழி யார் தலையில் விழும்? சரஸ்வதி அக்காவின் முகம் கண் முன்னால் வந்தது. "நா...நான் பேசறேன்" என்றேன். மேடம் சரி என்றார்.

அன்று காலையில் தனியாக மருதமலைப் படியேறினேன். சந்நிதியில் நின்றபோது வழக்கமான வேண்டுதல் மனதில் வரவில்லை. "முருகா, திக்கினால் திக்கட்டும். பாதியில் நிறுத்த மட்டும் விட்டுவிடாதே" என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் அப்படி நான் கேட்டதே இல்லை.

மேலாளர் அறை ஏசி போட்டு அமைதியாக இருந்தது. மேடமும் விக்னேஷும் என் பக்கத்தில் இருந்தார்கள். முதல் வாக்கியத்துக்கே வெகுநேரம் ஆனது. வேர்த்துக் கொட்டியது. மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். விக்னேஷ் வாயைத் திறந்தான். கையைக் காட்டி அவனை நிறுத்தினேன். பத்து நிமிடத்தில் சொல்லக்கூடியதைச் சொல்ல நாற்பது நிமிடம் ஆனது. ஒவ்வொரு சொல்லிலும் விழுந்தேன், எழுந்தேன். நடுவில் ஒரு முறை, போதும், உட்கார்ந்துவிடலாம் என்றுதான் இருந்தது. கால் மடங்கவில்லை. யாரோ முதுகில் கை வைத்துத் தாங்கியதுபோல நின்றேன். முருகன் சாட்சியாகச் சொல்கிறேன், அது என் பலம் இல்லை.

"த...தப்பு என்னுதுங்க" என்று முடித்தேன். "அந்த அக்கா மேல ஒ...ஒண்ணுமே இல்லீங்க. மெமோவ எடுத்துருங்க."

மேலாளர் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, "எங்க ஆளுங்களத்தானுங்க இத்தன நாளா திட்டிட்டு இருந்தோம்" என்றார். "இத்தன சிரமப்பட்டு உங்க தப்ப நீங்களே வந்து சொல்றீங்க. உங்கள நம்பாம வேற யாரைங்க நம்பறது? சரி பண்ணிக் குடுங்க. இனிமே எங்க மில்லுக்கு நீங்களே வாங்க."

மெமோவை அன்றைக்கே திரும்பப் பெற்றுவிட்டார்கள். திரும்பி வரும்போது காரில் மேடம், "உங்களுக்குப் பேச வராதுன்னு ரெண்டு தடவ நானே முடிவு பண்ணிட்டேன், குமரேசன். உங்களக் கேட்டிருக்கணும்" என்றார். அடுத்த மாதம் என்னை லீட் ஆக்கினார். விக்னேஷைப் புதிதாக ஆரம்பித்த வேலைக்குத் தலைமை தாங்க வைத்தார்.

இன்று என் டீமில் ஆறு பேர். நான்கு மில்களுக்கு நானே போய் விளக்குகிறேன். வேலைக்கு ஆள் எடுக்கும்போது வாயை மட்டும் வைத்து யாரையும் எடைபோடுவதில்லை. திக்கல் அப்படியேதான் இருக்கிறது. பயம்தான் போய்விட்டது. என்னைக் கட்டிப்போட்டிருந்தது எது என்று எனக்கு முன்பே முருகனுக்குத் தெரிந்திருக்கிறது.

கேட்டது கிடைக்கவில்லையே என்று வாடிப்போயிருக்கும் சொந்தங்களே, கும்பிடுவதை விட்டுவிடாதீர்கள். கும்பிட்ட கையோடு, எதைச் செய்யப் பயப்படுகிறீர்களோ அதைச் செய்யப் புறப்படுங்கள். எழுந்து நிற்பவனை அவன் விழ விடமாட்டான்.