ஒன்பதாம் வகுப்புப் பேச்சுவார்த்தை

படிப்பில் திணறும் பிள்ளைக்குத் தகப்பனாக இருப்பது முழுநேர வேலை. லீவு கிடையாது, ஓவர்டைம் கிடையாது, முறையிடச் சங்கமும் கிடையாது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பாதி வாழ்நாளைத் தொழிற்சங்கத்தின் கேட் மீட்டிங்கில் கழித்தவன் நான். படித்ததெல்லாம் துண்டறிக்கைகள்தான். மகள் மலருக்குக் கணக்கு வரவில்லை என்று ஆன பிறகுதான் முதலாளிகளின் அருமை புரிந்தது. பெற்றோர்களே, அவர்களாவது பேச்சுவார்த்தை மேஜைக்கு வருவார்கள்!

மைக் செட்டு

வகுப்பு வாட்ஸப் குரூப்பில் கணக்கு டீச்சர் வாசுகி மட்டும்தான் எழுத முடியும். "மலர் ஹோம்வொர்க் முடிக்கவில்லை" என்று ஊருக்கே தெரிய ஒரு வரி வரும். ஏன் என்று பதில் எழுத வழியில்லை. போன் அடித்தால் எடுக்க மாட்டார். அதே வகுப்பில் மகனைப் படிக்கவைக்கும் லேத் ஆபரேட்டர் குமாரிடம் பொருமினேன். அவன் சிரித்தான்: "அது குரூப் இல்ல மாமே, மைக் செட்டு. நாம கேட்டுகினு கீறதுதான்."

கையெழுத்து

ரேங்க் கார்டில் கணக்குக்குக் கீழே சிவப்புக் கோடு. பேசி முடிக்காத எதிலும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. "பேச்சுவார்த்தைக்குப் பிறகே கையொப்பம்" என்று எழுதி அனுப்பினேன். மறுநாள் மலரை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்துவிட்டார்கள். சாயந்திரம் டீச்சரே போன் செய்தார். அதுதான் முதல் தடவை. "சார், இது போனஸ் ஒப்பந்தம் இல்ல, ரேங்க் கார்டு. போட்டு அனுப்புங்க."

மேஜை

ஒருவழியாக என்னையும் மலரையும் பள்ளிக்குக் கூப்பிட்டார்கள்; வாசுகி டீச்சரும் இருந்தார். "பத்தாவது ரிசல்ட் எங்களுக்கு முக்கியம். அரையாண்டு லீவுலயே டி.சி. வாங்கிக்குங்க, வேப்பம்பட்டுப் பக்கம் வேற ஸ்கூல் இருக்கு" என்றார் தலைமையாசிரியை. ஆண்டுப் பரீட்சைவரை பொறுக்கச் சொன்னேன். அசையவில்லை. கல்வி யாருடைய சொத்து என்று ஆரம்பித்தேன். குரல் தானாகவே கேட் மீட்டிங் உயரத்துக்கு ஏறியது.

மலர் என் சட்டையை இழுத்தாள். "நைனா, நீ உக்காரு." பிறகு வாசுகி டீச்சரைப் பார்த்து, "மிஸ், எட்டாவது கணக்கே எனக்குத் தெரியாது. அதுலேர்ந்து சொல்லித் தர்றீங்களா?" என்றாள். டீச்சர் திகைத்துப்போனார். "ஏன்டி, இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"சொன்னா அப்பாவக் கூட்டினு வான்னுவீங்க மிஸ். இவரு வந்தா சண்டை வலிப்பாரு."

சாப்பாட்டு மணி

வாசுகி டீச்சர் பொறுப்பேற்றுக்கொள்ள, ஆண்டுப் பரீட்சைவரை டி.சி. பேச்சு இல்லை என்று முடிவானது. அன்றிலிருந்து சாப்பாட்டு மணி அடித்ததும் டீச்சர் அவசரமாக நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு மலரோடு உட்கார்ந்தார். இதற்குத் தனியாகச் சம்பளம் உண்டா, கேட்டு வாங்கித் தரட்டுமா என்றேன். கையெடுத்துக் கும்பிட்டார்: "சார், தயவுசெஞ்சு என் வேலைக்கு வேட்டு வெச்சிடாதீங்க."

ஆண்டுப் பரீட்சை

மயிரிழையில் பாஸ். பத்தாவது புத்தகங்களை அதே பள்ளியில் கொடுத்துவிட்டார்கள். தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு நடந்த என்னை மலர் நிறுத்தினாள்: "பாஸ்னு மட்டும் சொல்லாத நைனா. கடைசிக் கணக்குல எங்க தப்பு பண்ணேன்னு எனக்கே தெரியுது, அதையும் சொல்லு."

இத்தனை வருஷத்தில் நான் உட்கார்ந்த பேச்சுவார்த்தைகளில் கேட்டது முழுசாகக் கிடைத்தது இது ஒன்றில்தான். இதில் கேட்டது நான் இல்லை.